மண்ணின் நஞ்சை எடுக்கும் செடிகள்



வரலாறு என்றாலே மன்னர்களின் கதை, போர்களின் கதை என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். செடிகளுக்கும் வரலாறு உண்டு. வேலி ஓரத்தில் முளைத்து, காலில் மிதிபட்டுக் கிடக்கும் பெரணிக்கும் உண்டு. மண்ணில் கிடக்கும் உலோகத்தைச் சில செடிகள் உறிஞ்சி எடுக்கின்றன என்பதை மனிதன் எப்படிக் கண்டுகொண்டான், தான் கெடுத்த மண்ணைத் திருத்த அந்தச் செடிகளிடமே எப்படிப் போய் நின்றான் என்ற கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். எங்கோ நடந்த கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஈயம் தோண்டிய நாட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு இதில் பங்கு உண்டு.

மண்ணால் செரிக்க முடியாதது

தோட்டத்து மக்களுக்கு மண்ணைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இலை விழுந்தால் மக்கும். சாணம் போட்டால் எருவாகும். செத்த மாடுகூட நாளடைவில் மண்ணோடு மண்ணாகிவிடும். எதைப் போட்டாலும் மண் செரித்துவிடும் என்று நம்ம பெரியவங்க நம்பியது இதனால்தான். ஆனால், மண்ணால் செரிக்கவே முடியாத ஒன்று உண்டு. அதுதான் உலோகம்.

காரீயம், காட்மியம், பாதரசம் முதலியவற்றைக் கன உலோகங்கள் என்பார்கள். பாஷாணம் என்று நாம் அறிந்த ஆர்சனிக்கையும் அந்தக் கணக்கிலேயே சேர்ப்பது வழக்கம். இவை எரித்தாலும் அழியா; புதைத்தாலும் மக்கா. நூறு ஆண்டுகளுக்கு முன்பு கொட்டிய காரீயம் இன்றைக்கும் காரீயமாகவே கிடக்கும். மழை பெய்தால் ஆற்றுக்குப் போகும்; கிணற்றுக்குப் போகும்; வேர் வழியே கீரைக்கும் நெல்லுக்கும் ஏறும். பிறகு சோற்றோடு சோறாக நம் வயிற்றுக்குள் வரும். காட்மியம் உடம்புக்குள் போய்விட்டால் லேசில் வெளியே வராது. சிறுகச் சிறுகச் சேரும். சேர்ந்த பிறகுதான் நோய் தலைகாட்டும்.

"வலிக்குது, வலிக்குது!"

இதற்கு ஜப்பான் நாட்டில் நடந்த ஒரு துயரக் கதையே சாட்சி. அங்கே தோயாமா மாநிலத்தில் ஜின்சு என்றோர் ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேல்பகுதியில் காமியோக்கா சுரங்கம் இருந்தது. துத்தநாகமும் காரீயமும் எடுத்த அந்தச் சுரங்கத்தின் கழிவோடு காட்மியமும் ஆற்றில் கலந்தது. அந்த ஆற்றுத் தண்ணீர்தான் கீழே உள்ள வயல்களுக்குப் பாய்ந்தது. வயலில் நெல் பச்சைப்பசேல் என்றுதான் வளர்ந்தது. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால், அரிசிக்குள் நஞ்சு இருந்தது.

பிள்ளைகள் பல பெற்று, வயதும் ஆன பெண்களைத்தான் நோய் முதலில் பிடித்தது. இடுப்பு வலித்தது, கால் வலித்தது, பிறகு எலும்புகள் மெலிந்து, பலமாக இருமினால்கூட ஒடிந்துபோகும் நிலை வந்தது. "இத்தாய், இத்தாய்" என்று அந்தத் தாய்மார்கள் கதறினார்கள். ஜப்பானிய மொழியில் "வலிக்குது, வலிக்குது" என்று பொருள். அந்தக் கதறலே நோய்க்குப் பெயராகவும் ஆகிவிட்டது.

ஹாகினோ நோபோரு என்ற உள்ளூர் மருத்துவர் விடாப்பிடியாக நின்று, சுரங்கக் கழிவுதான் காரணம் என்று எடுத்துக் காட்டினார். 1968-ஆம் ஆண்டில் அரசாங்கமே அதை ஒப்புக்கொண்டது. நோயுற்ற மக்கள் நீதிமன்றம் சென்றார்கள். 1972-இல் மேல் நீதிமன்றத்திலும் வென்றார்கள்.

வழக்கு முடிந்தது. ஆனால், வயல்? அதில் காட்மியம் அப்படியேதான் கிடந்தது. கெட்ட மண்ணை ஒதுக்கி, அதன்மேல் வேறு இடத்து நல்ல மண்ணைக் கொண்டுவந்து பரப்பினார்கள். 1970-களின் கடைசியில் தொடங்கிய வேலை 2012-இல்தான் முடிந்தது. ஏறத்தாழ 860 ஹெக்டர் நிலத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 4,000 கோடி யென்னுக்கு மேல் செலவாயிற்று. நாசம் செய்வது சுலபம், நேராக்குவது எவ்வளவு கடினம் என்பதைப் பார்த்தீர்களா?

பணம் படைத்த நாடு செய்துவிட்டது. இல்லாத நாடு என்ன செய்யும்? மண்ணை வாரிக் கொட்டாமல், அதிலுள்ள நஞ்சை மட்டும் எடுக்க வழியே இல்லையா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களுக்குத்தான் பழைய செடி நூல்கள் கைகொடுத்தன.

கறுப்புக் கல்லில் பூத்த செடி

செடியைப் பார்த்து மண்ணை அறிவது பழைய வித்தை. லாலான் மண்டிக் கிடந்தால் நிலம் சத்திழந்து கிடக்கிறது என்று நம் தோட்டத்துக் கங்காணிமார்கள் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஐரோப்பாவில் சுரங்கம் தோண்டியவர்களும் அப்படித்தான். எந்தச் செடி முளைத்திருக்கும் இடத்தில் எந்த உலோகம் கிடைக்கும் என்று அடையாளம் வைத்திருந்தார்கள்.

1583-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு மருத்துவர் ஆந்திரேயா செசால்பினோ செடிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில், தொஸ்கானா வட்டாரத்தில் ஒருவகைக் கறுப்புக் கற்கள் நிறைந்த இடத்தில் மட்டும் முளைக்கும் ஒரு சிறு செடியைக் குறித்துவைத்தார். வேறு செடிகள் தலைநீட்டவே தயங்கும் இடத்தில் இது மட்டும் ஏன் செழித்து வளர்கிறது? அந்தக் கேள்வி முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் விடையில்லாமல் கிடந்தது.

இடையில், 1885-இல், ஜெர்மனியின் ஆகென் நகரத்தை அடுத்த துத்தநாகப் பூமியில் வளரும் செடிகளைப் பௌமன் என்ற அறிஞர் ஆராய்ந்தார். அவற்றின் இலைகளில் துத்தநாகம் அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டார். செடி மண்ணிலுள்ள உலோகத்தைச் சகித்துக்கொள்வது மட்டுமல்ல, இலைக்குள் எடுத்துச் சேர்த்தும் வைக்கிறது என்பது அப்போது தெரிந்தது.

பிறகு 1948-இல், மிங்குஸ்ஸி, வெர்ஞானோ என்ற இரண்டு இத்தாலிய அறிஞர்கள் செசால்பினோ சொன்ன அதே செடியைச் சோதித்தார்கள். ஒரு கிலோ உலர்ந்த இலையில் ஏறத்தாழ 8 கிராம் நிக்கல்! சாதாரணச் செடியில் சில மில்லிகிராம்தான் இருக்கும். அந்தக் கறுப்புக் கல்லில் நிக்கல் மிகுதி. மற்றச் செடிகளுக்கு நஞ்சாக இருந்ததை இந்தச் செடி தன் சொத்தாக வைத்திருந்தது.

நீலப் பால் சுரக்கும் மரம்

அடுத்துச் சொல்லப்போவது பால்மரம் வெட்டிப் பிழைத்த நம் மக்களுக்கு மிகவும் பிடிக்கும். நம் கித்தா மரத்தைச் சீவினால் வெள்ளைப் பால் வடியும். பசிபிக் பெருங்கடலில் நியூ கலிடோனியா என்று ஒரு தீவு உண்டு. அங்கே ஒரு காட்டு மரத்தின் பட்டையைக் கீறினால் பச்சையும் நீலமுமாகப் பால் வருகிறது! அந்த ஊர் மக்கள் பிரெஞ்சு மொழியில் 'நீலச் சாறு' என்றே அந்த மரத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

1976-இல் ஜாஃப்ரே, புரூக்ஸ் முதலிய அறிஞர்கள் அந்தப் பாலைக் காயவைத்துச் சோதித்தபோது, அதன் எடையில் நான்கில் ஒரு பங்கு நிக்கல் என்று தெரிந்தது. மங்கில் பிடித்த பாலில் பணம் இருக்கிறது என்று நம் பாட்டன்மார் சொல்வார்கள். இந்த மரத்தின் பாலில் உலோகமே இருக்கிறது!

மறு ஆண்டு, 1977-இல், இப்படிப்பட்ட செடிகளுக்கெல்லாம் புரூக்ஸ் குழுவினர் ஒரு பொதுப்பெயர் தந்தார்கள். தமிழில் 'மிகைச் சேமிப்புச் செடிகள்' எனலாம். இன்று உலகம் முழுவதிலும் 700-க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை நிக்கலைச் சேர்ப்பவை.

வேரின் வாசலில் நடப்பது என்ன?

மாணவச் செல்வங்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். செடி வளர இரும்பு, துத்தநாகம், மங்கனீசு முதலியவை மிகச் சிறிய அளவில் வேண்டும். அவற்றை உள்ளே விட வேரில் நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. நஞ்சு உலோகங்களும் நல்லவற்றின் வேடம் போட்டுக்கொண்டு அந்த வாசல் வழியாகவே நுழைந்துவிடுகின்றன. நெல்லின் வேரில் மங்கனீசுக்காக இருக்கும் வாசலில் காட்மியம் நுழைகிறது. ஆர்சனிக்கோ, உரத்தில் இருக்கிறதே பாஸ்பேட், அதைப்போலவே உருவம் உடையது. ஆதலால், பாஸ்பேட்டுக்குத் திறந்த கதவில் ஆர்சனிக்கும் புகுந்துகொள்கிறது.

சாதாரணச் செடி இதனால் வாடும். அல்லது நஞ்சை வேரோடு தடுத்து நிறுத்தப் பார்க்கும். மிகைச் சேமிப்புச் செடி அப்படிச் செய்வதில்லை. உலோகத்தைத் தண்டு வழியே மேலே ஏற்றி, இலையின் உயிரணுக்களில் உள்ள சிறு பைகளில் போட்டுப் பூட்டிவிடுகிறது. எதற்காக? இலையைக் கடிக்க வரும் பூச்சிகளை விரட்டத்தான் என்று பல ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

நோய் இருந்த இடத்தில் மருந்து

செடி உலோகத்தை மேலே ஏற்றுகிறது. அப்படியானால், கெட்ட நிலத்தில் இந்தச் செடியை நட்டு, வளர்ந்ததும் அறுத்து, மறுபடி நட்டு, மறுபடி அறுத்தால்? ஒவ்வோர் அறுவடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சு வெளியேறுமே! இந்த எண்ணத்தை 1983-இல் எழுத்தில் வைத்தவர் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த ரூபஸ் சேனி. கேட்பதற்கு எளிமையாக இருந்தது. ஆனாலும் அதை நிலத்தில் இறங்கிச் செய்துபார்க்க உடனே யாரும் முன்வரவில்லை.

கடைசியில் முன்வந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஓர் ஓவியர், சிற்பி! மெல் சின் என்பது அவர் பெயர். சிற்பி கல்லைச் செதுக்குவதுபோல, செடியைக் கொண்டு மண்ணிலிருந்து நஞ்சைச் செதுக்கி எடுத்தால் அதுவும் கலைதானே என்று அவர் கேட்டார். சேனியோடு சேர்ந்து 1991-இல், மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரக் குப்பை மேட்டில் தோட்டம் போட்டார். காட்மியத்தையும் துத்தநாகத்தையும் செடிகள் எடுக்கின்றனவா என்று அங்கே சோதித்தார்கள். அதே 1991-இல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்திலும் சோதனை தொடங்கியது. சாக்கடைக் கழிவை உரமாகப் போட்டுக் கெட்டுப்போன நிலம் அது. மற்றப் பயிர்களைக் காட்டிலும் மிகைச் சேமிப்புச் செடிகள் அதிக உலோகத்தை எடுப்பது அங்கே தெரிந்தது.

சூரியகாந்தியும் கடுகும்

புது மருந்து வந்தால் எல்லா நோய்க்கும் அதையே கொடுத்துப் பார்ப்பது மனித இயல்பு. இங்கும் அப்படித்தான் நடந்தது.

1986-இல் உக்ரைன் நாட்டின் செர்னோபில் அணு உலை வெடித்தது. கதிர்வீச்சு கலந்த ஒரு குளத்தில், 1990-களின் நடுவில், தெப்பங்களில் சூரியகாந்தியை மிதக்கவிட்டார்கள். தண்ணீரில் தொங்கிய வேர்கள் கதிர்வீச்சுள்ள சீசியத்தையும் ஸ்திரான்சியத்தையும் பிடித்தன. நல்ல பலன். இதைக் கேள்விப்பட்டு, 2011-இல் ஃபுக்குஷிமா விபத்துக்குப் பிறகு ஜப்பானிய மக்கள் வயலெல்லாம் சூரியகாந்தி விதைத்தார்கள். ஊரே மஞ்சளாகப் பூத்தது. ஆனால், அரசாங்கம் சோதித்தபோது மண்ணிலிருந்த சீசியத்தில் ஏறத்தாழ 2,000-இல் ஒரு பங்குதான் செடிக்குள் போயிருந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் சீசியம் வேறு; களிமண் இறுக்கிப் பிடித்துக்கொண்ட சீசியம் வேறு. செடி அதே செடிதான். இடம் மாறியதும் பலனும் மாறிவிட்டது.

நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கடுகுக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. காரீயம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு செடிக்குள் ஏறவே ஏறாது. 1990-களில், மண்ணில் ஓர் இரசாயனத்தை ஊற்றிக் காரீயத்தைக் கரைத்துவிட்டு, கடுகுச் செடியைக் கொண்டு அதை எடுக்க முயன்றார்கள். செடிக்குள் காரீயம் ஏறியது உண்மை. ஆனால், கரைந்த காரீயத்தில் ஒரு பகுதி மழையோடு நிலத்தடித் தண்ணீருக்கும் போகும் என்று பின்னர் தெரிந்தது. பூதத்தை விரட்டப் போய்ப் பேயைப் பிடித்த கதைதான். அந்த முறையை இன்று வல்லுநர்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள்.

தோல்வியைச் சொல்லாத வரலாறு பாதி வரலாறு. எந்த மண், எந்த உலோகம், எந்தச் செடி என்று சோதித்த பிறகே நட வேண்டும் என்ற பாடத்தை இந்த இரண்டு அனுபவங்களும்தான் உலகத்துக்குக் கற்றுத் தந்தன.

ஈயம் தோண்டிய மண்ணும் வெள்ளிப் பெரணியும்

இப்போது நம் பக்கத்து வீட்டுக்கு வருவோம். தென் தாய்லாந்தில் நக்கோன் சி தம்மராட் மாநிலத்தில் ரோன் பிபூன் என்ற ஊர் இருக்கிறது. அங்கேயும் நம் கிந்தா பள்ளத்தாக்கைப்போல நெடுங்காலம் வெள்ளீயம் தோண்டினார்கள். வெள்ளீயக் கல்லோடு ஆர்சனிக் கலந்த கல்லும் சேர்ந்தே வரும். வெள்ளீயத்தை எடுத்துக்கொண்டு மற்றதை வீசிவிட்டார்கள். மழை அதைக் கழுவிக் கிணற்றில் சேர்த்தது. 1987-இல், தோலில் கறுத்த புள்ளிகளும் உள்ளங்கையில் தடித்த காய்ப்புகளுமாக மக்கள் மருத்துவரிடம் வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆர்சனிக் நோய் இருந்தது. லம்பத்தில் வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, கிணற்றுத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள்.

இந்த ஆர்சனிக்கை எடுக்கும் செடி ஏதும் உண்டா என்று உலகம் தேடிக்கொண்டிருந்தது. 2001-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் லீனா மா என்ற பேராசிரியையின் குழுவினர் விடையைக் கண்டார்கள். மரத்துக்கு மருந்து ஏற்றும் பட்டறை இருந்த, ஆர்சனிக்கால் கெட்ட நிலத்தில் ஒரு பெரணி செழித்து வளர்ந்திருந்தது. அதன் உலர்ந்த இலையின் எடையில் 2 விழுக்காட்டுக்கும் மேல் ஆர்சனிக் ஏறக்கூடும் என்று கண்டார்கள். இத்தனை நஞ்சைச் சுமந்தும் செடி வாடவில்லை. ஆசியாவையும் தாயகமாகக் கொண்ட பெரணி அது. நம் நாட்டிலும் பழைய செங்கல் சுவரிலும் சுண்ணாம்புப் பாறையிலும் முளைக்கும். சீனாவின் ஹூனான் மாநிலத்தில் இந்தப் பெரணியை வயலிலேயே நட்டு ஆர்சனிக்கை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

மறு ஆண்டு, 2002-இல், ரோன் பிபூனிலேயே இன்னொரு பெரணியைக் கண்டார்கள். அதுதான் வெள்ளிப் பெரணி. மாணவர்களே, உங்களுக்கு இது பழைய தோழன்! இலையின் அடிப்பக்கம் வெள்ளை மாவு பூசியதுபோல் இருக்கும். கையில் வைத்து அழுத்தினால் அழகான வெள்ளை அச்சு விழும். தோட்டத்துப் பிள்ளைகள் பச்சை குத்தி விளையாடுவது இதை வைத்துத்தான். அந்த ஊர் மண்ணில் வளர்ந்த வெள்ளிப் பெரணியில், ஒரு கிலோ உலர்ந்த இலைக்கு 8 கிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தது. எந்தத் தொழில் அந்த மண்ணைக் கெடுத்ததோ, அந்தத் தொழில் விட்டுப்போன குழியின் ஓரத்திலேயே மருந்தும் முளைத்திருந்தது.

நெல்லே நெல்லின் நஞ்சை எடுத்தது

காட்மியத்தால் அழுத ஜப்பான் நாட்டிலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. காட்மியத்தை மிகுதியாக உறிஞ்சும் 'சோக்கோக்கோகு' என்ற நெல் வகையை, உண்பதற்காக அல்லாமல் மண்ணைச் சுத்தம் செய்வதற்காகவே பயிரிட்டார்கள். வயலில் தண்ணீரை வடித்துவிட்டால் காட்மியம் வேருக்கு எளிதாகக் கிடைக்கும். அப்படி இரண்டு ஆண்டுகள் பயிரிட்டதில் மண்ணிலிருந்த காட்மியம் 38 விழுக்காடு குறைந்தது என்று 2009-இல் வெளியிட்டார்கள். அடுத்து அதே வயலில் விளைந்த உணவு நெல்லில் காட்மியம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. தாய்மார்களின் எலும்பை முறித்த அதே நெற்பயிர்தான் இப்போது மண்ணுக்கு வைத்தியம் பார்த்தது.

நம் நாட்டில்

ஒரு காலத்தில் உலக வெள்ளீயத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாக நம் நாடுதான் தந்தது. 1985-இல் விலை சரிந்தது. லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மிஞ்சியவை மணல் மேடுகளும் குட்டைகளும்தான். சத்தெல்லாம் கழுவப்பட்ட அந்த வெள்ளை மணலில் புல்லும் முளைக்கத் தயங்கும்.

அப்படிப்பட்ட நிலத்தைத் திருத்த முடியுமா? முடியும் என்பதற்குக் கெப்போங் சாட்சி. 1920-களில் அங்கே வன ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது, ஈயம் தோண்டியும் காய்கறி பயிரிட்டும் பாழான மொட்டை நிலமே கையில் கிடைத்தது. மரம் மரமாக நட்டார்கள். இன்று அது பெருங்காடு. 2025 ஜூலையில் ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. நூறு ஆண்டுப் பொறுமைக்குக் கிடைத்த பரிசு! பேராக் மாநிலத்தின் பீடோரிலும் அதே நிறுவனத்தார் ஈய மணலில் மரம் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

சபா மாநிலத்தில் இன்னும் வியப்பான செய்தி உண்டு. கினபாலு மலையைச் சுற்றி இயற்கையிலேயே நிக்கல் மிகுந்த மண் இருக்கிறது. அங்கே கண்ட ஒரு குற்றுச்செடிக்கு, முன்பு நாம் சந்தித்தோமே அந்த ரூபஸ் சேனியின் பெயரையே 2018-இல் சூட்டினார்கள். அதன் உலர்ந்த இலையில் 2.5 விழுக்காடு வரை நிக்கல் இருக்கும். இது யாருக்கு உறவு தெரியுமா? நம் நெல்லிக்கும் கீழாநெல்லிக்கும்தான்! மூன்றும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ரானாவ் வட்டாரத்தில் இதைப் பயிராகவே வளர்த்து, கிளைகளை வெட்டி எரித்து, சாம்பலிலிருந்து நிக்கலை எடுக்கும் சோதனை நடந்தது. ஆண்டுக்கு ஒரு ஹெக்டரில் சுமார் 250 கிலோ நிக்கல் கிடைக்கலாம் என்று கணக்கிட்டார்கள்.

வெட்டிவேரை மறந்துவிடக் கூடாது. உலகம் முழுவதும் இதை 'வெட்டிவேர்' என்று தமிழ்ப் பெயராலேயே அழைக்கிறார்கள். 1989 வாக்கில் அந்நாளைய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் பி. கே. யூன் நம் நாட்டில் இதை விரிவாக ஆராய்ந்தார். வெட்டிவேர் உலோகத்தை இலைக்கு அவ்வளவாக ஏற்றுவதில்லை. ஆனால், மூன்று மீட்டர் ஆழம்வரை வேர் இறக்கி, கெட்ட மண் ஆற்றுக்கு அரித்துப் போகாமல் பிடித்துக்கொள்ளும். நஞ்சை எடுப்பது ஒரு வேலை. அதை ஊருக்குள் வராமல் நிறுத்துவது இன்னொரு வேலை. இரண்டும் வேண்டும்.

அறுத்த இலையை எங்கே போடுவது?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செடி உலோகத்தை அழிப்பதில்லை. மண்ணிலிருந்து இலைக்கு இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். அந்த இலை அங்கேயே உதிர்ந்தால் நஞ்சு மறுபடி மண்ணுக்கே போகும். ஆடு மாடு தின்றால் அவற்றின் உடம்புக்குப் போகும். வீட்டு அடுப்பில் எரித்தால் புகையிலும் சாம்பலிலும் வரும். ஆகவே, அறுத்ததைக் கணக்காகச் சேர்த்து, முறையாக எரித்து, சாம்பலைப் பாதுகாக்க ஆள் வேண்டும். அந்தக் கடைசி வேலையைச் செய்யாவிட்டால் முன்னே செய்தது அத்தனையும் வீண்.

இன்னொன்று, காலம். செடி தன் வேர் எட்டும் ஆழம்வரைதான் சுத்தம் செய்யும். அதற்கும் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் பிடிக்கும். ஒரு லாரிக் கழிவை ஓர் இரவில் கொட்டிவிட்டுப் போய்விடலாம். அதை எடுக்க ஒரு தலைமுறையே உழைக்க வேண்டும். செடி இருக்கிறதே என்ற தைரியத்தில் மண்ணைக் கெடுக்கலாம் என்று எவரும் நினைத்தால், அது மருந்து இருக்கிறது என்பதற்காக நஞ்சைக் குடிப்பது போலாகும்.

நாம் செய்யக் கூடியது

பெற்றோர்களே, இதெல்லாம் விஞ்ஞானிகளின் வேலை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பழைய கார் பேட்டரியை வீட்டுப் பின்புறத்தில் உடைத்துக் காரீயம் எடுக்க விடாதீர்கள். அந்த மண்ணில்தான் நம் பிள்ளை கோலி விளையாடும். பழைய லம்பக் குட்டையிலும் தொழிற்சாலை ஓடையிலும் தானாக வளர்ந்திருக்கும் கங்கோங் கீரையை, சும்மா கிடைக்கிறதே என்று பறித்து வராதீர்கள். தண்ணீரில் உள்ள உலோகத்தை அதுவும் உறிஞ்சும். கழுவினால் மேலே ஒட்டிய மண் போகும். உள்ளே ஏறியது போகாது. வெட்டவெளியில் கழிவு கொட்டுவதைக் கண்டால் நாலு பேராகச் சேர்ந்து சுற்றுச்சூழல் இலாகாவுக்கு எழுதுங்கள். ஜப்பானிய ஏழை விவசாயிகள் ஒன்றாக நின்றதால்தான் வழக்கில் வென்றார்கள்.

மாணவச் செல்வங்களே, இந்தக் கதையில் வந்தவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மருத்துவர், பேராசிரியை, சிற்பி, சபாவின் கிராமத்து மக்கள். யாரும் காணாத ஒன்றை அவர்கள் கண்டதற்குக் காரணம், எல்லாரும் மிதித்துப் போன செடியை அவர்கள் குனிந்து பார்த்ததுதான். உங்கள் அப்பா அம்மாவும் தாத்தா பாட்டியும் வாழ்நாள் முழுவதும் செடியோடும் மரத்தோடும் உழைத்தவர்கள். இலையின் நிறத்தைப் பார்த்தே மரத்தின் குறையைச் சொல்லக் கூடியவர்கள். அந்த அறிவு படிக்காதவர்களின் அறிவு என்று எண்ணாதீர்கள். அதோடு இரசாயனமும் உயிரியலும் சேர்ந்தால் அதுவே இந்தத் துறை. நாளைக்குக் கிந்தாவின் மணல் மேடுகளை ஆராயப் போகிறவர் இன்று பரிசு வாங்க மேடையேறும் உங்களில் ஒருவராக ஏன் இருக்கக் கூடாது?

அடுத்த முறை வெள்ளிப் பெரணியைக் கையில் அழுத்தி அச்சு எடுக்கும்போது, பக்கத்து நாட்டில் அது சுமந்த நஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். விளையாடியதும் கையை நன்றாகக் கழுவுங்கள். பிறகு, அது எந்த மண்ணில் முளைத்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும்.

மண் வாழ்ந்தால் நாம் வாழ்வோம்! வளர்க நம் பள்ளி!